ஷட்டர் கவுண்ட் காலாவதித் தேதி இல்லை

ஒவ்வொரு படத்துக்கும் கேமராவில் திறந்து மூடும் திரைதான் ஷட்டர்; அது எத்தனை முறை ஓடியது என்பது ஷட்டர் கவுண்ட். பழைய நிக்கான் டி750 பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) வாங்குவது பற்றி, "90,000 கிளிக் ஓடிய டி750-ஐத் தொடாதீங்க, 1,50,000 ஆனதும் பாடி குப்பைக்குத்தான்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை நண்பரே. 1,50,000 என்பது நிக்கான் அந்த ஷட்டரைச் சோதித்துப் பார்த்த அளவு, அவ்வளவுதான். அதைத் தாண்டி ஓடுவதும் உண்டு, பாதியில் போவதும் உண்டு.

நீங்கள் சொல்லும் டி750-இலேயே, ஆரம்பத்தில் வந்த சில பாடிகளின் ஷட்டரில் கோளாறு என்று 2015-இல் நிக்கானே அறிவித்து இலவசமாகச் சரிசெய்தது. அதனால் பழைய டி750 வாங்குபவர் கவுண்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியது சீரியல் நம்பரை; கோளாறு அறிவிக்கப்பட்ட பாடியா என்பது அதை வைத்துத்தான் தெரியும்.

வீடியோ எடுத்தால் கவுண்ட் எகிறும் என்பதும் தவறு. ரெக்கார்டிங் முடியும்வரை ஷட்டர் திறந்தே கிடக்கும். உண்மையில் கவுண்டைத் தின்பது டைம்லாப்ஸ் (இடைவெளி விட்டு வரிசையாகப் படமெடுத்து வீடியோவாக்குவது): 5 விநாடிக்கு ஒரு படம் என்றால் மணிக்கு 720 கிளிக். (கல்யாண வீட்டில் பட்டனை அழுத்தியிருக்கும்வரை எடுத்துக்கொண்டே இருக்கும் கன்டினியுவஸ் மோடில் விரலை எடுக்காதவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை!)

ஷட்டர் போனால் மாற்றலாம், அது ஒரு உதிரி பாகம். ஆனால் மலிவான பழைய பாடிக்கு மாற்றும் செலவு கட்டுப்படியாகாது. கவுண்டை வைத்து விலை பேசுங்கள், அது நியாயம். வாங்கும்போது 1/4000 விநாடி ஷட்டர் வேகத்தில் வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பாருங்கள். ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுந்தால், கவுண்ட் 10,000 என்றாலும் வேண்டாம்.

மிரர்லெஸ்ஸில் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமராவில்) எலெக்ட்ரானிக் ஷட்டரில், அதாவது திரை அசையாமல் சென்சாரை வைத்தே எடுத்தால் இந்தத் தேய்மானமே கிடையாது. 2021-இல் வந்த நிக்கான் இசட்9 மிரர்லெஸ்ஸில் மெக்கானிக்கல் ஷட்டரே இல்லை.