"எல்லாத்தையும் வாசிப்பாரு"ன்னு சொல்லி முடிச்சிடாதீங்க

எங்க ஏரியா கீபோர்டு அண்ணனைப் பத்தி வியாசர்பாடியில யார்கிட்ட கேட்டாலும் ஒரே பதில்தான். "கை நல்ல கைப்பா. ஆனா மனுஷன் எதுலயும் நிலைக்கலையே." கெட்ட எண்ணத்துல யாரும் சொல்றதில்ல. சொல்றவங்கள்ல பாதிப் பேர் அவர் வாசிச்ச மேடைக்குக் கீழ ஆடினவங்கதான். "நிலைக்கல"ன்னா "சினிமாவுக்குப் போகல"ன்னு அர்த்தம், அவ்வளவுதான். இந்தப் பேச்சோட எனக்கு ரொம்ப நாளா ஒரு சண்டை இருக்கு. இன்னைக்கு எழுதித் தீர்த்துடறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

பேரு போடாதடான்னு அவரே சொல்லிட்டார். அண்ணன்னே இருக்கட்டும்.

அவரோட வருஷத்தைப் பாருங்க. ஆடி பொறந்தா தெருவுக்குத் தெரு கூழ் ஊத்துறாங்க, மேடை போடுறாங்க, எல்.ஆர்.ஈஸ்வரி பாடின அம்மன் பாட்டு இல்லாம ஒரு ராத்திரி போகாது. முகூர்த்த மாசம்னா ரிசப்ஷன். டிசம்பர்ல கேரல், புத்தாண்டு ராத்திரி சர்ச்ல வாட்ச் நைட். ஞாயித்துக்கிழமை காலை ஆராதனை வருஷம் பூரா உண்டு. நடுவுல வெளியூர் ட்ரூப்: ஆரணி, செய்யாறு, குடியாத்தம், அந்தப் பக்கம் சூளூர்பேட்டை, நெல்லூர். வேன்ல மைக் செட்டோட செட்டா மடங்கி உட்கார்ந்துக்கிட்டுப் போவார். தெருவுல யாராவது தவறிட்டா பதினாறாம் நாள் கானா. தேர்தல் வந்தா எல்லாக் கட்சிக்கும் பாட்டு. வரியும் அவரே, மெட்டும் அவரே. (எந்தக் கட்சிக்குப் போட்டது நல்லா வந்துச்சுன்னு கேட்டா சிரிப்பார், வாயைத் திறக்க மாட்டார்.) இதெல்லாம் போக, ஏரியா பசங்க நாடகம் போட்டா அதுக்கும் இசை.

கடைசியா சொன்னேனே, அதை யாரும் கணக்குலயே சேர்க்கறதில்ல. ஏதோ பொழுதுபோகாம செய்யுறார்ங்கற மாதிரி ஒரு நினைப்பு. நான் தலைகீழாச் சொல்றேன். அவர் செய்யுறதுலயே பெரிய வேலை அதுதான். மேல சொன்ன அத்தனை கச்சேரியும் சேர்ந்துதான் அவரை நாடகத்துக்கு இசையமைக்கிறவரா ஆக்கியிருக்கு.

ஒரு ஒத்திகையில நடந்தது. மாநகராட்சி சமுதாயக் கூடம், ஃபேன் கடகடன்னு ஓடுது, துறைமுகத்துல மூட்டை தூக்கினவரோட கதை. ரெண்டாவது காட்சி முடிஞ்சதும் விளக்கு அணையணும், ரெண்டு பசங்க ஒரு மரப்பெட்டியை இழுத்துக்கிட்டு வெளிய போகணும், அடுத்தது வீடு. அண்ணன் அதுக்கு எட்டு பார் (தாளக் கணக்குல எட்டுச் சுத்து) இசை போட்டிருந்தார். பெட்டி பலகை இடுக்குல மாட்டிக்கிச்சு. பசங்க இழுக்கறாங்க, வரல. எட்டு பாரும் முடியப் போகுது. டைரக்டர் தம்பி நிறுத்தச் சொல்லி வாயெடுக்கறதுக்குள்ள அண்ணன் வலது கையை எடுத்துட்டு, இடது கையில கடைசி ரெண்டு பாரை மட்டும் சுத்த விட்டார். ஸ்ட்ரிங்ஸைக் குறைச்சு, தூரத்துல கப்பல் சங்கு மாதிரி கீழ ஒரு நோட்டைப் பிடிச்சு வச்சார். பெட்டி விடுபட்டுச்சு. அம்மா வேஷம் போட்ட பொண்ணு வந்து ஸ்டவ் பக்கத்துல உட்கார்ந்தப்புறம்தான் வலது கை திரும்பி வந்துச்சு. பார்த்துக்கிட்டிருந்த எங்களுக்கு என்னவோ அந்த ஆள் துறைமுகத்துல இருந்து வீடு வரைக்கும் நடந்து வந்த மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் அண்ணன் அந்த ரெண்டு பாரையும் நோட்டுல எழுதியே சேர்த்துட்டார். நாடகம் அன்னைக்குப் பெட்டி எங்கயும் மாட்டல. அந்த நடை மட்டும் அங்கயே இருந்துச்சு.

மேலைநாட்டு மியூசிக்கல் நாடக நோட்டுல இதுக்குத் தனியா இடமே உண்டு. 'வேம்ப்'னு போட்டு, மேடையில ஆள் தயாராகற வரைக்கும் இந்த பாரையே வாசிச்சுக்கிட்டு இருன்னு எழுதியிருக்கும். அண்ணன் அதைப் புத்தகத்துல பார்த்ததில்ல. ரிசப்ஷன்ல பாடகர் சரணத்தை மறந்துட்டு மாப்பிள்ளையைப் பார்த்து இளிச்சுக்கிட்டு நிக்கும்போதெல்லாம் பிட்டைச் சுத்த விட்டுச் சமாளிச்சுச் சமாளிச்சு வந்த கை அது.

அடுத்தது சுதி. கானா பாடறவங்க கையில மேளமோ, டோலக்கோ, ஒண்ணும் இல்லேன்னா தீப்பெட்டியோதான் இருக்கும். சுதிப்பெட்டி பக்கத்துல வச்சுப் பாடி வந்தவங்க இல்ல. வாய் திறக்கற இடம்தான் கட்டை, அதாவது சுதியோட உயரம். ஒரு பாட்டு ஒண்ணரைக் கட்டையில வரும், அடுத்தது அழுகையில ஏறி மூணுல நிக்கும். அண்ணன் முதல் வரி முழுக்க வாசிக்க மாட்டார். வால்யூமைக் குறைச்சுட்டு, தலையைச் சாய்ச்சுக் கேட்டுக்கிட்டே ஒரு கீயைத் தடவிப் பார்ப்பார். ரெண்டாவது வரி ஆரம்பிக்கும்போது கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள்) வந்து கீழ உட்காரும். பாடறவர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பார்க்க வேண்டிய அவசியம் வரல பாருங்க, அதுதான் விஷயம். நடிகனுக்கும் இதேதான் வேணும். மேடையில ஓடி வந்து மூச்சு வாங்கிக்கிட்டே பாடற பையன்கிட்ட "சுதியில நில்லு"ன்னு அதட்டிப் பிரயோஜனம் இல்ல. அவன் நிக்கற இடத்துக்குச் சுதி போகணும்.

இங்க ஒரு சின்னக் கோபத்தையும் கொட்டிடறேன். சுதியை ஏத்தி இறக்கற ட்ரான்ஸ்போஸ் பட்டன் அமுக்கி வாசிக்கறவனெல்லாம் கீபோர்டிஸ்டான்னு ஒரு கூட்டம் கேட்கும். மேற்கத்திய இசைப் பரீட்சையில கிரேடு எட்டு முடிச்ச பசங்கதான் அதிகம் கேட்கறாங்க. அண்ணனுக்குப் பன்னெண்டு சுதியிலயும் கை ஓடும், இருந்தும் பட்டனை அமுக்குவார். பத்து மணிக்கு மைக்கை அணைச்சாகணும், இன்னும் ஏழு பாட்டு பாக்கி, பாடகிக்குத் தொண்டை கட்டிப்போய் அரைக் கட்டை இறக்கச் சொல்றாங்க. அந்த நேரத்துல பட்டன் எதுக்கு இருக்கு?

வடசென்னைக்காரங்களுக்கே நாடகம்னா மயிலாப்பூர் சபா சமாச்சாரம்னு ஒரு எண்ணம். வால்டாக்ஸ் ரோட்டு ஒற்றைவாடைக் கொட்டகை எங்க இருந்துச்சு? நம்ம வாசல்லதான். கம்பெனி நாடகம் ஓடின காலத்துல பாட்டுதான் ராஜா. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) வசனம் எழுதுவார், பாட்டு எழுதுவார், வேஷம் கட்டுவார், பசங்களுக்குச் சொல்லியும் கொடுப்பார். அவரை யாரும் எதுலயும் நிலைக்கலைன்னு சொல்லல, நாடகத் தமிழுக்குத் தலைமை ஆசிரியர்னுதான் சொல்றோம். நாடக நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பா பாடினா ஆர்மோனியத்துல அவரோட சகோதரர் காசி ஐயர். மைக் இல்லாத காலம், மேல் கட்டையில பாடினாத்தான் கடைசி வரிசைக்குக் கேட்கும். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இன்னைக்கும் ஸ்பெஷல் நாடகம் நடக்குது. ராஜபார்ட் (கதாநாயகன் வேஷக்காரர்) ஒரு ஊர்ல இருந்து வருவார், ஸ்திரீபார்ட் (பெண் வேஷம்) வேற ஊர், ஒத்திகைன்னு ஒண்ணு கிடையாது, மேடையில வச்சுத்தான் பார்த்துக்குவாங்க. விடியற வரைக்கும் அத்தனை பேரையும் கூட்டிக்கிட்டுப் போறவர் ஆர்மோனியக்காரர். அந்த இடத்துலதான் இப்ப எங்க அண்ணனோட ரோலண்டு கீபோர்டு இருக்கு.

நடுவுல என்ன ஆச்சுன்னா, 1891ல பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை ஆரம்பிச்சு, விடிய விடிய நடந்த நாடகத்தை மூணு மணி நேரத்துக்குள்ள கொண்டு வந்தார், வசனத்துக்கு முதல் மரியாதை கொடுத்தார். நல்ல காரியம்தான், மறுக்கல. ஆனா படிச்சவங்க நாடகத்துல பாட்டு அப்பத்துல இருந்தே மெல்ல மெல்லப் பின்வரிசைக்குப் போயிடுச்சு. அப்புறம் பாட்டு மொத்தமும் சினிமாவுக்குக் குடிபோச்சு. இதுல என்னோட கருத்து கொஞ்சம் ஓவராத் தெரியலாம், கமெண்ட்ல திட்டுங்க.

சினிமாவுக்குப் போனாத்தான் பெரிய ஆள்ங்கறவங்களுக்கு ஒண்ணு. போனவங்க எப்படிப் போனாங்கன்னு பாருங்க. இளையராஜா அண்ணன் பாவலர் வரதராஜனோட கம்யூனிஸ்ட் கட்சி மேடைக்கு ஊர் ஊராப் போய் ஆர்மோனியம் வாசிச்சவர். சென்னைக்கு வந்தும் ஜி.கே.வெங்கடேஷ்கிட்ட கிடாரும் காம்போ ஆர்கனும் வாசிச்சார். 'அன்னக்கிளி' வந்தது 1976ல. ரஹ்மானுக்கு அப்பா ஆர்.கே.சேகர் போனப்போ ஒன்பது வயசு. வீட்டுல இருந்த வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்துச்சு. அப்புறம் இளையராஜா, ராஜ்-கோட்டின்னு பலபேர்கிட்ட கீபோர்டு, ஜாகீர் உசேன், எல்.சங்கரோட வெளிநாட்டு டூர், விளம்பர ஜிங்கிள், 1992ல 'ரோஜா'. இதுவரைக்கும் நம்ம பசங்க மனப்பாடமாச் சொல்லுவாங்க. அதுக்கு மேல கேளுங்க. 2002ல லண்டன் அப்பல்லோ விக்டோரியா அரங்கத்துல அவர் இசையில 'பாம்பே ட்ரீம்ஸ்'ங்கற மியூசிக்கல் நாடகம். ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் தயாரிப்பு, வரிகள் டான் பிளாக். 2004ல அது நியூயார்க் பிராட்வேக்குப் போச்சு. (பாரிஸ் கார்னர் பிராட்வே இல்லைங்க, தம்பிகளா.) 2006ல டொரண்டோவுல 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாடகத்துக்கு பின்லாந்துக் குழு வார்ட்டினாவோட சேர்ந்து இசை. நம்ம ஊர்ல ரஹ்மானைப் பத்தி ராத்திரி பூராப் பேசறவன் இந்த ரெண்டு நாடகத்தையும் தாண்டிக் குதிச்சு நேரா ஆஸ்கருக்குப் போயிடறான்.

'பாம்பே ட்ரீம்ஸ்'ல பழைய சினிமா மெட்டைத்தானே திருப்பிப் போட்டார்னு ஒருத்தர் என்கிட்ட கேட்டார். சில மெட்டு பழசுதான். ஆனா சினிமாவுல பாடறவர் வேற, ஆடறவர் வேற. லண்டன்ல ஆடறவனே பாடணும், வாரத்துக்கு எட்டு ஷோ. எந்த இடத்துல மூச்சு விடுவான், எந்த வரி முடியும்போது கதை நகரணும்னு பார்த்து அதே மெட்டை மறுபடி வெட்டித் தைக்கணும். இங்கிலாந்துப் பாடகர் எல்டன் ஜான்கூட புளூஸாலஜிங்கற குழுவுல மத்தவங்களுக்குப் பின்னாடி பியானோ வாசிச்சுக்கிட்டு ஊர் சுத்தினவர்தான். அவர் மெட்டுப் போட்ட 'லயன் கிங்' 1997ல நியூயார்க் மேடைக்கும், 'பில்லி எலியட்' 2005ல லண்டன் மேடைக்கும் வந்துச்சு. அவரை அங்க யாரும் எதுலயும் நிலைக்காதவர்னு சொல்லிக்கிட்டுத் திரியல.

சரி, காசு விஷயத்துக்கு வர்றேன். எழுத உட்கார்ந்ததே இதுக்குத்தான். ஒரு குழுவுக்கு அண்ணன் நாலு பாட்டும் பின்னணி இசையும் போட்டுக் கொடுத்தார். குழு பேர் வேணாம், பசங்க நல்லவங்கதான். ஒத்திகை ஆரம்பிச்சதுல இருந்து கூடவே உட்கார்ந்து, ரெண்டு பாட்டுக்கு வரியும் எழுதினார். கடைசியில கையில கொடுத்தது ஒரு ராத்திரி கச்சேரி பேட்டா. "வாசிச்சதுக்குண்ணே"ன்னு கவர்ல போட்டுக் கொடுத்தாங்க. நோட்டீஸ்ல அவர் பேர் ஒளி, ஒலி, ஒப்பனைக்கெல்லாம் கீழ, 'உதவி'ங்கற வரியில. ஆறு மாசம் கழிச்சு வேற ஊர்ல அதே நாடகம், அதே பாட்டு, பென் டிரைவ்ல. அவருக்குத் தகவல்கூட இல்ல.

சட்டம் என்ன சொல்லுதுன்னு நாடகம் போடுற தம்பிங்க ஒரு தடவை படிச்சுப் பாருங்க. மெட்டுப் போட்டவர் உங்ககிட்ட சம்பளத்துக்கு வேலை பார்க்கறவர் இல்லேன்னா, அந்த மெட்டுக்கு முதல் சொந்தக்காரர் அவர்தான். பேட்டா கொடுத்துட்டதால அது உங்களுக்கு வந்துடாது. உரிமையை மாத்திக் கொடுக்கணும்னா எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும், வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை வருஷத்துக்குன்னு அதுல குறிப்பிடலைன்னா 5 வருஷம்தான் கணக்கு. அவர் காலத்துக்கு அப்புறமும் 60 வருஷம் அந்த உரிமை அவர் குடும்பத்துக்கு உண்டு. சினிமாவுலயும் ரெக்கார்டிங்லயும் வர்ற பாட்டுக்கு, தியேட்டர்ல படம் ஓடறது தவிர மத்த பயன்பாட்டுக்கெல்லாம், பாட்டு எழுதினவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் உரிமை வாங்கினவரோட ராயல்டியில சமபங்கு உண்டு, வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர அதை வேற யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாதுன்னு 2012ல திருத்தமும் வந்தாச்சு. அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன். "பசங்க மேல கேஸா போடச் சொல்றே?"ன்னார். கேஸ் போட வேணாம்ணே, ஒரு பேப்பர்ல எழுதி வாங்குங்கன்னேன். "அவனுங்களே டிக்கெட் வித்து வாடகை கட்ட முடியாம இருக்கானுங்க"ன்னு சொல்லிட்டு அடாப்டரைச் சுத்தி பைக்குள்ள வச்சார்.

அவர் சொல்றதும் நிஜம். நாடகத்துல காசு இல்ல. ஆனா காசு இல்லாத இடத்துலயும் மைக் செட்டுக்கு அட்வான்ஸ் போயிடுது, லைட்டுக்குப் போயிடுது, ஆட்டோவுக்குக்கூடப் போயிடுது. மெட்டுக்கு மட்டும்தான் "அண்ணன் பார்த்துப்பார்". ஆயிரம் ரூபாயா இருந்தாலும் வாசிக்கறதுக்குத் தனி, மெட்டுக்குத் தனின்னு ரெண்டு கவரா கொடுங்க. நோட்டீஸ்ல 'இசை'ன்னு ஒரு தனி வரி போடுங்க, அதுக்கு அச்சகத்துல கூடுதலா யாரும் கேட்கப் போறதில்ல. மறுபடி அதே நாடகத்தைப் போட்டா ஒரு போன் பண்ணுங்க.

இந்தப் பதிவுக்கு அப்புறம் எப்படியும் நாலு பேர் அண்ணன் நம்பர் கேட்டு இன்பாக்ஸ் வருவீங்க. வாசிக்கவா, மெட்டுப் போடவான்னு முதல்லயே சொல்லிட்டுக் கேளுங்க. ரேட் வேற வேற. ஆடி மாசம் கேட்காதீங்க, ஆள் கிடைக்க மாட்டார்.