கேமரா முன்னால் வரும் அந்த இன்னொரு தமிழ்

பவானியில் ஒரு ஜமக்காளக் கடைக்கு வீடியோ எடுக்கப் போயிருந்தேன். நான் ட்ரைபாடை விரித்துக்கொண்டிருந்தபோது, கல்யாணத்துக்கு ஜமக்காளம் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. கடைக்கார அண்ணன் ஒன்றை உதறி விரித்தார். "கையில தூக்கிப் பாருங்க. கைத்தறியில நெஞ்சதுங்க, விசைத்தறியில இந்தக் கனம் வராதுங்க. பத்து வருசம் கழிச்சு இந்தப் பக்கம் வந்தா எப்படி இருக்குதுன்னு நீங்களே சொல்லுங்க." பேசிக்கொண்டே விளிம்பைத் தடவிக் காட்டினார், மடித்துக் காட்டினார். இரண்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஐந்து நிமிடம் கழித்து கேமராவை ஓடவிட்டேன். அதே மனிதர், அதே ஜமக்காளம். கையைக் கட்டிக்கொண்டு நின்று, "அனைவருக்கும் வணக்கம். எங்கள் நிறுவனத்தில் பாரம்பரியமிக்க கைத்தறி ஜமக்காளங்கள் சிறந்த முறையில் தயாரிக்கப்பட்டு விற்பனை செய்யப்படுகின்றன" என்று ஆரம்பித்தார். "செய்யப்படுகின்றன" வருவதற்குள் மூன்று முறை நாக்கு சிக்கியது. "கேமரான்னாவே பயமுங்க தம்பி" என்று உட்கார்ந்துவிட்டார்.

எட்டு வருடமாகக் கடைகளுக்கும் சின்னத் தொழில்களுக்கும் வீடியோ எடுக்கிறேன். எல்லோரும் இதைப் பயம் என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொழுதுக்கும் முன்பின் தெரியாதவர்களிடம் பேசி வியாபாரம் செய்கிறவருக்கு எங்கிருந்து பயம் வரும்? அவருக்குச் சிக்கல் மொழியில் இருக்கிறது. நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது இன்னொரு தமிழ். மைக் முன்னால் நின்றால் எழுத்துத் தமிழில்தான் பேச வேண்டும் என்று பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டியிலிருந்தே பழகியிருக்கிறோம். லென்ஸைப் பார்த்ததும் அந்த மேடை ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. "இருக்குது" என்று வாய்க்கு வருவதை "இருக்கிறது" என்று மாற்ற வேண்டும், "வேணும்" என்பதை "வேண்டும்" ஆக்க வேண்டும். சொல்ல வந்த விஷயத்தை யோசிக்க வேண்டிய மனசு, ஒவ்வொரு வார்த்தையாக மாற்றிக்கொண்டே ஓடுகிறது. திக்காமல் என்ன செய்யும்?

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். ஆரம்பத்தில், வீட்டில் சத்துமாவு அரைத்து விற்கும் ஒரு அக்காவுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னேன். இருபது டேக்குக்கு மேல் போனது. கடைசியில் அவர் கண் கலங்கி, "எனக்குப் பேச வராதுப்பா" என்றார். அந்த வார்த்தை இன்றைக்கும் உறுத்துகிறது. அவருக்கு அற்புதமாகப் பேச வரும். கம்பை எத்தனை மணி நேரம் ஊறவைத்து முளைகட்டுகிறார், எந்தப் பதத்தில் வறுப்பதை நிறுத்துகிறார் என்று அன்றைக்குக் காலையில் அடுப்படியில் நின்று எனக்கு அரை மணி நேரம் சொன்னவர். அதை எடுக்காமல் விட்டவன் நான். அப்புறம் ஒரு நாள் காசு வாங்காமல் மறுபடி எடுத்துக் கொடுத்தேன்.

2020 ஜூனில் டிக்டாக் தடையானது, அடுத்த மாதமே ரீல்ஸ் வந்தது. அதற்குப் பிறகு மளிகைக் கடை வரைக்கும் வீடியோ வந்துவிட்டது. கூடவே, எழுதிக் கொடுத்துப் படிக்கவைக்கும் ஆட்களும் பெருகிவிட்டார்கள். எழுதியதைத் திரையில் வரிவரியாக ஓடவிடும் ப்ராம்ப்டர் செயலி போனிலேயே இருக்கிறது. செய்தி வாசிப்பவர்களுக்கு எழுத்து லென்ஸுக்கு நேராக ஒரு கண்ணாடியில் தெரியும், கேமராவும் தள்ளி நிற்கும், அதனால் அவர்கள் படிப்பது நமக்குத் தெரிவதில்லை. போன் திரையில் ஓடும் வரியைக் கையெட்டும் தூரத்தில் வைத்துப் படித்தால் கண் இடமிருந்து வலமாக ஓடுவது அப்படியே தெரியும். எதிரில் இருப்பவர் நம்மைப் பார்க்காமல் வேறெதையோ பார்த்துப் பேசுகிற மாதிரி இருக்கும். அவரிடம் யார் பொருள் வாங்குவார்கள்?

நான் இப்போது எழுதிக் கொடுப்பதே இல்லை. ஓர் அட்டையில் நாலு வார்த்தை: நூல், தறி, விலை, துவைப்பது. அவ்வளவுதான். அட்டையை அவர் ஒரு முறை பார்த்ததும் வாங்கி வைத்துவிடுவேன். பொருளைக் கையில் கொடுத்துவிடுவேன், ஏனென்றால் கைக்கு வேலை இருந்தால் வாய் தானாகப் பேசும். லென்ஸுக்குப் பக்கத்திலேயே, லென்ஸோடு முகம் ஒட்டுகிற மாதிரி நான் உட்கார்ந்துகொண்டு ஒரு வாடிக்கையாளர் கேட்பதைக் கேட்பேன். "ஏங்ணா, இது சாயம் போகுமா?" உடனே அவருக்குள் இருக்கும் வியாபாரி எழுந்து வந்துவிடுவார். முதல் ஐந்து நிமிடத்தை எப்படியும் வெட்டித்தான் போடுவேன். ஆனால் அதை அவரிடம் சொல்வதில்லை.

"எங்க பேச்சக் கேட்டா மத்த ஊர்க்காரங்க சிரிக்க மாட்டாங்களா?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது. கொங்குப் பேச்சோ நெல்லைப் பேச்சோ, அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? லலிதா ஜுவல்லரி கிரண்குமார் நெல்லூர்க்காரர். அவருடைய தமிழில் இலக்கணமும் பார்க்க முடியாது, உச்சரிப்பும் வேறு. ஆனாலும் தன் கடை விளம்பரத்தில் தானே வந்து நின்று, விலையை மற்ற கடைகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்று எதிரில் உட்கார்ந்து சொல்வது போலச் சொன்னார். தமிழ்நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. வசந்த் அன் கோ வசந்தகுமாரும் அப்படித்தான், தானே சிரித்த முகத்தோடு விளம்பரத்தில் வந்தவர்.

எல்லாவற்றையும் வாய்க்கு வந்தபடி பேசலாம் என்று நான் சொல்லவில்லை. விலை, அளவு, திருப்பி எடுத்துக்கொள்ளும் நிபந்தனை, மருந்து உட்கொள்ளும் முறை, இவையெல்லாம் துல்லியமாக இருக்க வேண்டும். அவற்றை நான் திரையில் எழுத்தாகப் போட்டுவிடுகிறேன். பேசுகிறவர் தலையில் ஏற்றுவதில்லை.

அந்த பவானி வீடியோவை இரண்டாவது நாள்தான் எடுத்து முடித்தோம். தறியைப் பற்றி நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர், பாதியில் வாசலைப் பார்த்து, "வாங்க வாங்க, உள்ள வந்து உக்காருங்க, இதோ வர்றனுங்க" என்று யாரையோ கூப்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "எங்க விட்டனுங்க?" என்றார். அவர் மகன் அதை வெட்டிவிடச் சொன்னார். நான் கெஞ்சி வைத்துக்கொண்டேன். போன வாரம் கடைக்குப் போனபோது அண்ணன் சொன்னார், நாமக்கல்லிலிருந்து வந்த ஒரு அம்மா உள்ளே நுழைந்ததுமே, "என்னையும் உக்காரச் சொல்லுங்க" என்றாராம்.