பெரிய கோயில் நிழல் தரையில் விழும்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் (கருவறைக்கு மேல் எழும் கோபுரத்தின்) நிழல் தரையில் விழவே விழாது என்று ஒரு பேச்சு உண்டு. நிழல் விழும். காலை 8 மணிக்கு விமானத்துக்குப் பின்புறம், மேற்குப் பிராகாரத்துக்குப் போய்ப் பாருங்கள், நிழலில்தான் நிற்பீர்கள். சித்திரை வாக்கில் உச்சிவேளையில் சூரியன் ஏறக்குறைய நேர் மேலே வரும். விமானமோ அடி அகன்று, மேலே போகப் போகக் குறுகுவது. அதனால் அப்போது நிழல் அதன் மேலேயே அடங்கிவிடும். கதை கிளம்பியது இதிலிருந்துதான் போலும். மார்கழியில் நண்பகலிலேயே வடக்குப் பக்கம் நிழல் நீளும்.

அப்புறம், கோயிலில் உள்ள பெரிய நந்தியும், பலர் நினைப்பதுபோல், கோயிலைக் கட்டிய ராஜராஜன் வைத்ததல்ல, நாயக்கர் காலத்தது.

வியக்க வேண்டுமானால் கல்வெட்டைப் படியுங்கள். தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அதாவது 1010இல், விமானத்தின் உச்சியில் வைக்க ராஜராஜன் செப்புக்குடம் கொடுத்திருக்கிறான். அதன் எடை 3,083 பலம். அதன்மேல் போர்த்திய பொன் 2,926½ கழஞ்சு (பலமும் கழஞ்சும் அந்தக் கால எடை அளவுகள்). அரைக் கழஞ்சைக்கூட விடாமல் கல்லில் வெட்டி வைத்த கணக்கு! எனக்கு நிழல் கதையைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.