ஸ்லோவாக்கியா செக் நாட்டின் பழைய மாகாணம் அல்ல
மேலே ஒருவர் "ஸ்லோவாக்கியா காலங்காலமாக செக் நாட்டின் ஒரு பகுதி, 1993-ல்தான் பிரிந்தது" என்று எழுதியிருக்கிறார். வருடம் சரி, மற்றது தப்பு. ஸ்லோவாக் மக்கள் வாழ்ந்த மலைப்பகுதிகள் கிட்டத்தட்ட ஆயிரம் வருடம், 1918-ல் செக் பகுதிகளோடு சேர்ந்து செக்கோஸ்லோவாக்கியா உருவாகும் வரை, ஹங்கேரி அரசுக்குள் இருந்தவை. செக் மக்களின் பொஹீமியா தனி அரசு. இன்றைய ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவையே பாருங்கள், 1541-ல் ஹங்கேரியின் பழைய தலைநகரான புடா துருக்கியர் கைக்குப் போனபிறகு ஹங்கேரியின் தலைநகராக இருந்த ஊர் அது, 1563 முதல் 1830 வரை ஹங்கேரி மன்னர்கள் பலருக்கு அங்கேதான் முடிசூட்டு விழா நடந்தது.

இன்னொன்று, அந்தக் காலத்தில் ஸ்லோவாக் பகுதிக்கென்று தனி நிர்வாக எல்லையே கிடையாது. 1861-ல் மார்ட்டின் நகரில் கூடிய ஸ்லோவாக் தலைவர்கள் ஹங்கேரிக்குள்ளேயே தங்களுக்கு ஒரு தனி வட்டாரம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. இன்றைய தெற்கு எல்லை முதல் உலகப்போருக்குப் பிறகு ஹங்கேரியோடு போட்ட 1920 த்ரியானோன் ஒப்பந்தத்தில் உறுதியானது, அதனால்தான் எல்லைக்கு ஸ்லோவாக்கியப் பக்கம் ஹங்கேரியர்கள் நிறையப் பேர்.

அப்புறம், ஸ்லோவாக் மக்கள் இந்த எல்லைக்குள் மட்டும் இருந்தவர்களும் இல்லை. துருக்கியர் பின்வாங்கியதும் காலியாகிக் கிடந்த தெற்குச் சமவெளிக்கு 18-ம் நூற்றாண்டில் குடிபெயர்ந்தவர்களின் வாரிசுகள் ஹங்கேரியின் பெகெஷ்சாபாவிலும் செர்பியாவின் பாச்கி பெட்ரோவாட்சிலும் இன்றும் இருக்கிறார்கள்.