நண்டுப் பெட்டி வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்

ரீல்ஸில் இப்போது ஓடுவது நண்டு அடுக்குமாடி: பெட்டிகளை அடுக்கி, தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பத் திரும்பச் சுழலவிடும் அமைப்பு. மொட்டைமாடி போதும், ஷெட் போதும், கோயம்புத்தூரில்கூடச் செய்யலாம், பெட்டிக்கு ஒரு சேற்று நண்டு, ஆறு மாதத்தில் கொழுத்த லாபம் என்று விற்கிறார்கள். பெட்டியைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, நல்ல கருவிதான். நண்டைத் தேற்றி விற்பதற்காக வந்த பெட்டியை, குஞ்சிலிருந்து வளர்க்கும் பண்ணை என்று சொல்லித் தலையில் கட்டுவதுதான் கோளாறு.

முதலில் நண்டு எப்படிப் பெரிதாகிறது என்று பார்ப்போம். ஓடு விரியாது. பழைய ஓட்டைக் கழற்றி, தண்ணீரை உறிஞ்சி உடம்பை ஊதவைத்து, அந்த அளவிலேயே புது ஓட்டை இறுக்கிக்கொள்ளும். அப்படிக் கழற்றிய சேற்று நண்டு பார்க்கப் பெரிதாக இருக்கும், உள்ளே பாதி தண்ணீர்தான். கொள்முதல் இடத்தில் தரம் பிரிப்பவர் நண்டைத் திருப்பிப் போட்டு, வயிற்றுப் பக்கம் கால்கள் சேருமிடத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். அமுங்கினால் தண்ணி நண்டு என்று ஒதுக்கிவிடுவார், விலை சடாரென்று இறங்கும். கல்லாக நின்றால் முழு விலை.

பெட்டி சம்பாதித்துக் கொடுப்பது இந்த இடைவெளியில்தான். ஒதுக்கிய தண்ணி நண்டை வாங்கி, தனிப் பெட்டியில் 15 முதல் 30 நாள் இரை போட்டால் சதை நிரம்பிவிடும். எடை பெரிதாக ஏறாது, தரம் ஏறும். முதிர்ந்த பெண் நண்டில் சினை நிறைந்தால் விலை இன்னொரு படி மேலே போகும். ஒரு பெட்டியில் வருடத்துக்கு எட்டு, பத்து சுற்று ஓட்டலாம். அதே பெட்டியில் குஞ்சை விட்டு அரைக் கிலோ வரும்வரை காத்திருந்தால் வருடத்துக்கு ஒன்றரைச் சுற்றுகூடத் தேறாது. பெட்டி, மோட்டார், கரண்ட், ஆள்கூலி எல்லாச் செலவும் அந்த ஒரே நண்டின் தலையில் விழும்.

ஓடு கழற்றியவுடன் மென்மையாக இருக்கும்போதே விற்கும் மென்ஓட்டு நண்டுக்கும் பெட்டி சரியான இடம். மியான்மர், தாய்லாந்து, வியட்நாமில் அதற்காகவே ஆயிரக்கணக்கில் பெட்டிகளை மிதக்கவிடுகிறார்கள். இரவும் பகலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் போய்ப் பார்க்க வேண்டும். ஓடு கழற்றிய நண்டை உடனே எடுத்து நன்னீரில் போட்டால்தான் இறுகுவது நிற்கும், பிறகு குளிர்பதனம். தவறவிட்டால் காலையில் கையில் இருப்பது இன்னொரு தண்ணி நண்டு. இரண்டு ஷிஃப்ட் ஆள் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

இனி தண்ணீர்க் கணக்கு. விற்பனையாளர் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

ஆயிரம் பெட்டி, பெட்டிக்கு 300 கிராம் நண்டு என்று வையுங்கள். மொத்தம் 300 கிலோ. உடல் எடையில் 5 சதவீதம் இரை என்றால் நாளைக்கு 15 கிலோ கழிவு மீன். மீனில் புரதம் சுமார் 17 சதவீதம், புரதத்தில் நைட்ரஜன் 16 சதவீதம். ஆக நாளைக்கு 400 கிராம் நைட்ரஜன் உள்ளே போகிறது. அதில் 60 சதவீதம் அம்மோனியாவாகத் தண்ணீரில் கலக்கிறது என்று எடுத்துக்கொண்டால்கூட ஏறக்குறைய 250 கிராம். பயோஃபில்டரில் (பாக்டீரியாவை வைத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் வடிகட்டி) உள்ள பாக்டீரியா இதை நைட்ரேட்டாக மாற்றும்போது ஒவ்வொரு கிராமுக்கும் 7.14 கிராம் காரத்தன்மையை, அதாவது பிஹெச் இறங்காமல் தாங்கும் கார இருப்பை, தின்னும். 250 கிராமுக்கு 1.8 கிலோ. அதைத் திரும்பக் கொடுக்க நாளைக்கு 3 கிலோ சமையல் சோடா போட வேண்டும். போடாமல் விட்டால் பிஹெச் இறங்கும், பாக்டீரியா மந்தமாகும், நண்டுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறும். நண்டு இரை எடுப்பதை நிறுத்தும், கழற்ற முடியாமல் பாதி ஓட்டோடு சாகும். “திடீர்னு செத்துடுச்சு சார்” என்று சொல்பவர்களிடம் காரத்தன்மை எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். அளந்தே இருக்க மாட்டார்கள். டெஸ்ட் கிட் ஒன்றும் பெரிய செலவில்லை.

புது பயோஃபில்டர் பழக்கத்துக்கு வர உப்புத் தண்ணீரில் ஒரு மாதம், ஒன்றரை மாதம் பிடிக்கும். கருவி வந்த வாரமே ஆயிரம் நண்டையும் இறக்குவது தற்கொலை. கால்வாசி இறக்கி, அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் அடங்கிய பிறகு அடுத்த கால்வாசி. இரை வைத்த இரண்டு மூன்று மணி நேரத்தில் மிச்சத்தைக் கையால் எடுத்தே ஆக வேண்டும். ஆயிரம் பெட்டியிலும். தானாக நடக்கும் என்று சொல்கிற எந்த அமைப்பிலும் இந்த வேலை தானாக நடப்பதில்லை.

கடல் இல்லாத ஊரில் செய்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி. உப்பு 20 பிபிடி (ஆயிரத்தில் 20 பங்கு) வேண்டுமென்றால் ஆயிரம் லிட்டருக்கு 20 கிலோ உப்பு. மூட்டை உப்பைக் கொட்டினால் மீட்டரில் 20 காட்டும், அது கடல்தண்ணீர் ஆகிவிடாது. கடலில் 35 பிபிடியில் லிட்டருக்குச் சுமார் 410 மில்லிகிராம் கால்சியம், 1280 மெக்னீசியம், 400 பொட்டாசியம் இருக்கிறது. அதே விகிதப்படி 20 பிபிடிக்குக் கால்சியம் 235, மெக்னீசியம் 730, பொட்டாசியம் 230 வர வேண்டும். வெறும் சோடியம் குளோரைடில் வைத்த நண்டுக்கு ஓடு இறுகாது. கழற்றிய நண்டுகள் தண்ணீரிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொண்டே இருக்கும் என்பதால் ஒருமுறை சரிசெய்து விட்டுவிடவும் முடியாது.

சரி, அப்படியென்றால் பணத்தை எங்கே போடுவது? என் கருத்து: குஞ்சிலும், அதைக் குளத்தில் விடும் அளவுக்குத் தேற்றும் நர்சரியிலும். சேற்று நண்டுத் தொழிலின் கழுத்தை நெரிப்பது குஞ்சுத் தட்டுப்பாடு. சீர்காழி பக்கம் தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் 2013இல் நண்டுக் குஞ்சுப் பொரிப்பகம் தொடங்கியது. அப்படியொன்று நடத்துவது ஏன் கஷ்டம் என்று தெரிந்தால் குஞ்சு விலையைப் பற்றிப் புலம்ப மாட்டோம்.

ஒரு தாய் நண்டு இருபது, முப்பது லட்சம் லார்வா விடும். ஜோயியா என்ற முதல் லார்வாப் பருவம் ஐந்து கட்டம், கட்டத்துக்கு மூன்று நான்கு நாள். இரை முதல் இரண்டு கட்டத்துக்கு ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரி, பிறகு ஆர்ட்டீமியா என்ற சிற்றுயிர். உப்பு 28 முதல் 32 பிபிடி, வெப்பம் 28 முதல் 30 டிகிரி. ஐந்தாம் ஜோயியாவிலிருந்து, நண்டுக் குஞ்சாவதற்கு முந்தைய பருவமான மெகலோபாவாக மாறும் அந்த ஓர் இரவில்தான் தொட்டி காலியாகும். பழைய தோலிலிருந்து கொடுக்கை உருவ முடியாமல் கும்பலாகச் சாகும். இரையில் கொழுப்பமிலம் குறைந்தாலும் இது நடக்கும், கூடினாலும் நடக்கும். கூடினால் லார்வாவிலேயே கொடுக்கு அளவுக்கு மீறிப் பெருத்து உள்ளே சிக்கிக்கொள்கிறது. தப்பித்து வந்த மெகலோபாவுக்குக் கொடுக்கு முளைத்துவிட்டதால், முதல் வேலையாகப் பின்தங்கிய ஜோயியாவைப் பிடித்துத் தின்னும். லட்சக்கணக்கில் தொடங்கி ஒற்றை இலக்கச் சதவீதத்தில் முடிவதற்கு இதெல்லாம் காரணம்.

நர்சரியை விவசாயியே செய்யலாம், செய்ய வேண்டும். இறால் குளத்தின் ஒரு மூலையில் 1 மி.மீ. கண் உள்ள ஹாப்பா (வலையால் தைத்த கூண்டு), அடிப்பகுதி சேற்றில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் புதைய வேண்டும், மேலே மூடி வலை. மெகலோபா என்றால் சதுர மீட்டருக்கு 30 முதல் 50. உள்ளே பழைய வலைத்துண்டு, கடற்பாசிக் கொத்து, உடைந்த ஓடு என்று ஒளிய இடம் தாராளமாக வேண்டும். ஒன்றையொன்று தின்பதை நிறுத்த முடியாது, குறைக்கத்தான் முடியும். பெரும்பாலும் பெரியது சிறியதையும், கழற்றிய மென்மையானதையும்தான் தின்கிறது. அதனால் வாரம் ஒருமுறை பெரியதை வேறு ஹாப்பாவுக்குப் பிரித்தாலே பிழைக்கும் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிந்து கூடும். இரை பற்றாக்குறை ஒரு நாள் வந்தாலும் மறுநாள் எண்ணிக்கையில் தெரியும்.

குளத்தில் விடும்போது சதுர மீட்டருக்கு அரையிலிருந்து ஒன்று. ஏக்கருக்கு 2000 முதல் 4000 குஞ்சு. பாதி தேறினால் நல்ல அறுவடை, அதற்கு மேல் கணக்குப் போட்டுக் கடன் வாங்காதீர்கள். வரப்பைச் சுற்றி வலை வேலி, அடி மண்ணுக்குள் புதைய வேண்டும், மேல் விளிம்பில் உள்பக்கமாக வழுக்கும் பிளாஸ்டிக் பட்டை. இல்லாவிட்டால் மழை பெய்த இரவில் நண்டு நடந்தே போய்விடும். அறுவடைக்குக் குளத்தை வற்றவைக்க அவசரப்பட வேண்டாம். கடல் ஏறும் ஓதத்தில் மதகைத் திறந்து புதுத் தண்ணீரை விட்டால் ஓட்டத்தை எதிர்த்து நண்டு மதகடிக்கே வந்துவிடும், பெரியதை மட்டும் எடுக்கலாம்.

குஞ்சு எந்த இனம் என்பதையும் கேளுங்கள். நம் கடற்கரையில் கிடைப்பவை முக்கியமாக இரண்டு. சில்லா செரேட்டா 2 கிலோ தாண்டும். சில்லா ஒலிவேசியா அந்த அளவுக்கு வராது. கொடுக்குக்கு முந்தைய கணுவின் வெளிப்பக்கம் இரண்டு கூரிய முள் இருந்தால் செரேட்டா, மழுங்கியோ ஒன்று மட்டுமோ இருந்தால் ஒலிவேசியா. 1998இல் கீனன் என்ற ஆய்வாளரின் குழுவினர் இந்தப் பேரினத்தை நான்காகப் பிரித்துத் தெளிவுபடுத்தும்வரை பெயர்க் குழப்பம் பெரிது. நம் பழைய ஆய்வுகளில் செரேட்டா என்று எழுதியதில் பெரும்பகுதி ஒலிவேசியாதான். நான்கில் ஒன்றுக்குத் தரங்கம்பாடியின் பெயர், டிராங்குபாரிக்கா. அந்தப் பெயரில் இங்கே எழுதப்பட்டவையோ பெரும்பாலும் செரேட்டா! ஆகவே பழைய கட்டுரையில் உள்ள வளர்ச்சிக் கணக்கை அப்படியே எடுத்துத் திட்ட அறிக்கை எழுதித் தருபவரிடம் கவனம்.

பக்கத்தில் இறால் குளம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. இறாலைக் கொல்லும் வெண்புள்ளி வைரஸை நண்டு நோயில்லாமலே சுமக்கும். கழிமுகத்தில் பிடித்த குட்டியைச் சோதிக்காமல் கொண்டுவந்து போட்டால், நண்டு நன்றாகத்தான் இருக்கும், வனாமி இறால் குளம் படுத்துவிடும். கழிமுகக் குட்டியை வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இயற்கை இருப்பு குறைவது ஒரு காரணம், இது இன்னொன்று.

பெட்டி விற்பவர் அடுத்த முறை வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த அமைப்பு நாளைக்கு எத்தனை கிலோ இரையைத் தாங்கும்? குஞ்சு எந்தப் பொரிப்பகத்திலிருந்து வரும், வைரஸ் பரிசோதனைச் சீட்டு உண்டா? கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை தண்ணீரையும் காற்றையும் எது ஓட்டும்? நண்டைத் தானே திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னால், எந்தத் தரத்துக்கு என்ன விலை என்பதை எழுதி வாங்குங்கள்.