ஆணையிட்டவரைக் கேட்காமல் யாரைக் கேட்பது?

கடலில் ஒரு படகை அமெரிக்கப் படை அடித்த வீடியோவைப் பொதுமக்களுக்கு முழுசாகக் காட்ட முடியாது என்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ஹெக்செத் சொல்லிவிட்டார். அதற்கு இங்கே நம்மவர்கள் கை தட்டுகிறார்கள். "கடத்தல்காரனுக்கு என்ன விசாரணை, அடிச்சது சரிதான்" என்று எழுதியவர்களில் என்னோடு பள்ளியில் படித்தவர்களும் இருக்கிறார்கள். கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

2025 செப்டம்பர் 2 அன்று கரீபியன் கடலில் நடந்ததை எல்லோரும் படித்திருப்பீர்கள். போதைப்பொருள் கடத்துகிறது என்று சொல்லி அமெரிக்கப் படை ஒரு படகை அடித்தது. இறந்தவர்கள் 11 பேர். முதல் தாக்குதலில் பிழைத்த இரண்டு பேர் உடைந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். அவர்களை மறுபடி அடித்தார்கள். நான் பேசுவது அந்த இரண்டாவது அடியைப் பற்றி. படகு கவிழ்ந்து தத்தளிப்பவர்களைச் சுடச் சொல்லும் ஆணை வெளிப்படையாகவே சட்டவிரோதம் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் போர்ச் சட்டக் கையேட்டிலேயே இருக்கிறது. எந்த ஆணைக்குக் கீழ்ப்படியக் கூடாது என்பதற்கு அவர்கள் கொடுக்கும் உதாரணமே அதுதான்.

அமைச்சர் என்ன சொன்னார்? முதல் தாக்குதலை நேரலையில் பார்த்தாராம். அப்புறம் அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டாராம். இரண்டாவதை முடிவு செய்தவர் தாக்குதலை நடத்திய தளபதி அட்மிரல் பிராட்லியாம், அந்த முடிவுக்குத் தான் துணை நிற்கிறாராம். துணை நிற்கிறேன் என்ற பேச்சோடு பேச்சாகப் பொறுப்பை அவர் தலையில் இறக்கி வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இதுதான். ஆணை வரும் இடத்தில் கேள்வி கேட்க முடியாவிட்டால், அதை நிறைவேற்றியவனை மட்டும் கேட்டு என்ன பயன்?

இது இன்று தொடங்கியதும் இல்லை. 1918இல் ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று கனடாவின் மருத்துவமனைக் கப்பலை மூழ்கடித்துவிட்டு, உயிர்காப்புப் படகுகளில் இருந்தவர்களையும் சுட்டது. 1921இல் லைப்சிக் நீதிமன்றம் இரண்டு லெப்டினன்ட்களுக்குத் தலா 4 ஆண்டு தண்டனை கொடுத்தது. சுடச் சொன்ன கேப்டன்? நீதிமன்றத்துக்கே வரவில்லை. நூறு வருஷம் கழித்தும் கேப்டன் வருவதில்லை.

நாடாளுமன்றங்கள் எதற்கு இருக்கின்றன? இந்தக் கேள்வியைக் கேட்கத்தானே? படகுத் தாக்குதல்களை நிறுத்தச் சொன்ன தீர்மானம் அக்டோபரில் அமெரிக்க செனட்டில் 48க்கு 51 என்று தோற்றது. டிசம்பரில் பிரதிநிதிகள் சபையிலும் சில ஓட்டுகளில் தோற்றது. அந்தச் சபையின் உறுப்பினர் ஷ்ரீ தானேதார், நம் பெல்காமில் வளர்ந்தவர், ஹெக்செத்தைப் பதவிநீக்கும் தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறாது என்று எனக்கும் தெரியும். கடைசியில் தேறியது ஒன்றுதான். திருத்தப்படாத வீடியோவை நாடாளுமன்றக் குழுக்களுக்குக் கொடுக்கும் வரை அமைச்சரின் பயணச் செலவுப் பணத்தில் கால்வாசியை நிறுத்தி வைக்க வேண்டும் என்று பாதுகாப்புச் செலவுச் சட்டத்தில் சேர்த்தார்கள். 11 உயிருக்கு விமான டிக்கெட்டில் பிடித்தம். ஆனாலும் அதை வரவேற்கிறேன். அதையாவது செய்தார்களே.

சட்டவிரோத ஆணைக்குக் கீழ்ப்படிய வேண்டாம் என்று படைவீரர்களுக்குச் சொன்ன செனட்டர் மார்க் கெல்லியின் மேலேயே பென்டகன், அதாவது அதே பாதுகாப்புத் துறை, 2025 நவம்பரில் விசாரணை தொடங்கியது. முன்னாள் கடற்படை கேப்டன், விண்வெளிக்குப் போய் வந்தவர். கேட்பவருக்கு விசாரணை, ஆணையிட்டவருக்குக் கைதட்டலா?

"இதெல்லாம் எதிர்க்கட்சி அரசியல்" என்பீர்கள். இருக்கட்டுமே. 1876இல் அமெரிக்கப் போர்த்துறைச் செயலாளர், அதாவது அந்தத் துறையின் அமைச்சர், பெல்க்னாப் லஞ்சத்தில் மாட்டினார். பதவிநீக்க ஓட்டெடுப்புக்குச் சற்று முன்னால் ராஜினாமா செய்தார். அப்படியும் விடாமல் பிரதிநிதிகள் சபை அவர் மேல் குற்றம் சாட்டியது. செனட்டில் பெரும்பான்மை கிடைத்தது, மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை, தப்பினார். அதிலும் அரசியல் இருந்தது. அதற்காக லஞ்சம் வாங்கியதைக் கேட்டது தப்பாகிவிடுமா?

"அவர்கள் கடத்தல்காரர்கள்." யார் சொன்னது? அடித்தவர்கள் சொன்னது. கடத்தியே இருந்தாலும் தண்ணீரில் கிடப்பவனைத் தூக்கிக் கரையில் ஒப்படைப்பதுதான் முறை. வலைத் தகராறில் வெட்டிக்கொண்டவர்கள்கூட எங்கள் கடலில் ஒருவன் மிதந்தால் கயிறு போடாமல் வரமாட்டார்கள்.

"அமெரிக்கக்காரன் விவகாரம், நமக்கு என்ன?" இதைக் கேட்டவருக்கு 2012 ஜூலை மறந்துவிட்டது. துபாய் அருகே அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று ஒரு மீன்பிடிப் படகைச் சுட்டது. ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர் ஒருவர் இறந்தார், மூன்று பேர் காயப்பட்டார்கள். எச்சரித்தோம் என்றது கடற்படை. எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்றார்கள் பிழைத்தவர்கள். என் தாய்மாமா அப்போது அந்தப் பக்கம்தான் கடல் தொழிலில் இருந்தார். அன்று ராத்திரி அம்மா போனைக் கீழே வைக்கவே இல்லை. மாமா குரல் கேட்டதும் அழுதாள், அடுத்த நிமிஷமே "அந்த வீட்ல என்ன பாடுபடுறாங்களோ" என்று மறுபடி அழுதாள். அந்தப் படகையும் யாரோ தூரத்திலிருந்து பார்த்து ஆபத்து என்று முடிவு செய்தார்கள். இன்று கைதட்டும் நண்பர்களே, அன்று நம் தெருவில் ஒப்பாரி வைத்தவர்களோடு நீங்களும்தானே உட்கார்ந்திருந்தீர்கள்?

"ராணுவத்தைக் கேள்வி கேட்டால் வீரர்களின் மனஉறுதி போய்விடும்" என்பவர்களுக்கு. வீரனைக் காப்பாற்றத்தான் இதைக் கேட்கிறேன். மேலே இருப்பவர் கைகழுவும்போது மாட்டிக்கொள்வது அவன்தான்.

நம் நாட்டிலும் இதே கதைதான். 2013 ஜனவரியில், டெல்லி நிர்பயா வழக்குக்குப் பிறகு சட்டத் திருத்தம் பரிந்துரைக்க அமைத்த நீதிபதி வர்மா குழு, கீழுள்ளவர்கள் செய்யும் பாலியல் குற்றத்தைத் தடுக்கத் தவறும் மேலதிகாரியையும் தண்டிக்க ஒரு தனிப் பிரிவு கேட்டது. அந்த வருஷமே வந்த திருத்தச் சட்டத்தில் அதை விட்டுவிட்டார்கள். 2023இல் தண்டனைச் சட்டத்தையே புதிதாக எழுதினார்கள், அதிலும் இல்லை. நாகாலாந்து ஓட்டிங்கில் 2021 டிசம்பரில் சுரங்க வேலை முடிந்து திரும்பிய தொழிலாளிகளைச் சுட்டார்கள். மாநிலக் காவல்துறை 30 ராணுவத்தினர் மேல் குற்றப்பத்திரிகை போட்டது, வழக்கு நடத்த மத்திய அரசு அனுமதி தரவில்லை. இங்கே மேலே வரைக்கும் போக வேண்டாம், கீழேயே கதவு சாத்தியாயிற்று.

அதனால் கைதட்டும் நண்பர்கள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் எம்.பி. எந்தக் கட்சியாக இருந்தாலும், வர்மா குழு கேட்ட அந்தப் பிரிவைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவருவாரா என்று எழுதிக் கேளுங்கள். எங்கள் தொகுதி எம்.பி.க்கு நான் கடிதம் எழுதிவிட்டேன். சேர்ந்து கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.