நாலு மணித்தியால வேலையாம்!

பழைய பிக்கப்பை உயர்த்துகிற கிட் வாங்கினால் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ஒரு பொய் இருக்கும்: 'வெட்டத் தேவையில்லை, நாலு மணித்தியாலம் போதும்.' காணொளியில் ஒருத்தர் கசங்காத சட்டையோடு நின்று போல்ட்டைத் திருப்புகிறார், வெண்ணெய் மாதிரிக் கழன்று வருகிறது. வராமல் என்ன செய்யும்? அது அரிசோனா வண்டி. உப்பைக் கண்ணாலும் கண்டிராது.

ஒன்ராறியோவில் குளிர்காலம் முழுக்கப் பனி உருகத் தெருவில் உப்புத்தான். என்னுடையது 2002 ஷெவ்ரலே சில்வராடோ பிக்கப். அடிப்பக்கம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்து லீஃப் ஸ்பிரிங்கை, அதுதான் பட்டை ஸ்பிரிங்கை, பிடிக்கிற முன் போல்ட்டில் நட் கழன்றுவிட்டது, போல்ட் அசையவில்லை. புஷ் என்கிற ரப்பர் உறைக்குள் இருக்கிற இரும்புக் குழாயும் போல்ட்டும் கறள் பிடித்து ஒன்றாகிவிட்டன. ஸ்பனர் போட்டு முறுக்கினால் ரப்பர்தான் சேர்ந்து சுற்றுகிறது. எண்ணெய் அடித்தாயிற்று, சம்மட்டியாலும் போட்டாயிற்று. நெருப்புக் காட்டலாம் என்றால் பக்கத்திலேயே பெற்றோல் டாங்கி! கடைசியில் கிறைண்டரால் அறுத்துத்தான் எடுத்தேன். வெட்டத் தேவையில்லையாம்.

அந்த ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கிற யூ போல்ட் ஒருமுறை இறுக்கினால் இழுபட்டுவிடும், திரும்பப் போடக்கூடாது. பெட்டியில் புதுசு இருந்ததா? இல்லை. அதற்குத் தனிக் காசு.

முன்பக்கம் இன்னொரு கூத்து. அங்கே சுருள் ஸ்பிரிங் இல்லை, டோர்ஷன் பார் என்கிற முறுக்குக் கம்பி. கிட்டில் வருகிற 'கீ' அந்தக் கம்பி நிற்கிற கோணத்தை மாற்றி வண்டியை ரெண்டு அங்குலம் தூக்குகிறது, அவ்வளவுதான். அதனால் சில்லு கீழே இறங்க இருந்த இடம் குறைகிறது, சின்னப் பள்ளத்துக்கே 'டக்' என்று அடிக்கிறது. சில்லுகளின் கோணத்தைச் சரிபார்க்கிற எலைன்மென்ட் செய்யாவிட்டால் டயர் ஒரு ஓரமாகத் தேயும். ஹெட்லைட் வேறு எதிரே வருகிறவன் கண்ணில் குத்தும். கம்பியின் இறுக்கத்தைத் தளர்த்தத் தனிக் கருவி வேண்டும், அது வழுக்கினால் கை போகும். அதைப் பற்றி அறிவுறுத்தலில் ஒரே வரி, அதுவும் பொடி எழுத்தில்!

விற்ற கடைக்குப் போன் எடுத்துக் கேட்டால், "பழைய வண்டி என்றால் அப்படித்தான் அண்ணை" என்கிறார். ஏன் தம்பி, சில்வராடோவில் இந்த வடிவம் 2007ஓடு நின்றுபோனது. இதற்கென்றே கிட் செய்து விற்கிறீர்களே, இதில் புது வண்டி எங்கே இருக்கிறது?